திருத்தாத படம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்க வாய் வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன். அந்த நாலு மணித் தலைவலி அங்கேயும் வருகிறதா?

ஸ்டூடியோ ஓடுகிறது. நீ போனபிறகு படம் எடுப்பதும் நான்தான், திருத்துவதும் நான்தான். குழந்தைகளைச் சிரிக்க வைக்க மட்டும் எனக்கு வரவில்லை. என் முகத்தைப் பார்த்ததுமே பாதிப் பேர் அழுதுவிடுகிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை பாஸ்போர்ட் படத்துக்கு ஒரு நரம்பு டாக்டர் வந்தார். கம்ப்யூட்டரில் உன் படம் திறந்திருந்தது. ஏன் திறந்து வைத்திருந்தேன் என்று கேட்காதே. உன் புது வேலைக்காக நாலேகால் மணிக்கு விடாப்பிடியாக உட்காரவைத்து எடுத்தேனே, அதன் திருத்தாத அசல். இடது இமை சரிந்து, அந்தக் கண் மட்டும் சிவந்து, நெற்றியில் அந்தப் பக்கம் மட்டும் வியர்த்திருக்கிறது. இவருக்குத் தினமும் ஒரே நேரத்தில், ஒரே கண்ணுக்குப் பின்னால் வலிக்குமா என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

திரையில் உன் கண்களைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். இடது கருமணி வலதைவிடச் சின்னது. கண்ணீர், வியர்வை, கருமணி சுருங்குவது எல்லாவற்றையும் நம்மைக் கேட்காமலே பார்த்துக்கொள்ளும் நரம்புகள் இருக்கின்றனவாம். இந்த வலி வரும்போது, வலிக்கிற பக்கத்தில் மட்டும் சில நரம்புகள் மிதமிஞ்சி வேலை செய்து கண்ணையும் மூக்கையும் ஒழுக வைக்கின்றன, சில சோர்ந்துபோய் இமையைக் கீழே விட்டுவிடுகின்றன. மூளையின் அடியில் பகல் இரவு கணக்குப் பார்க்கிற இடம் ஒன்று உண்டாம். நேரம் தவறாமல் வலி வர அதுவும் காரணமாக இருக்கலாம் என்றார். மலைத்துப்போய் நின்றேன். ஒரே முகத்தில் பாதி அழுகிறது, மறுபாதி ஒன்றும் தெரியாததுபோல் உட்கார்ந்திருக்கிறது! இருபது வருஷமாக முகங்களையே பார்க்கிறேன், முகத்துக்குள் இத்தனை நடக்கும் என்று எனக்குத் தெரியாதடா.

நீ இங்கே வலியில் துடித்தபோதெல்லாம், அழுதால் இரண்டு கண்ணும்தானே அழும், ஒற்றைக் கண்ணால் அழ நீ என்ன நடிகனா என்று உன்னைக் கேட்டேன். குடித்திருக்கிறாயோ என்று வாயை மோந்துகூடப் பார்த்தேன். நீ சுவரில் தலையை முட்டிக்கொண்டு நடந்ததை வாடிக்கையாளர் பார்க்கிறாரே என்று வெட்கப்பட்டேன். அதனால்தானே வீட்டைவிட்டே போனாய்.

மாஸ்க் வைத்து ஆக்ஸிஜன் கொடுத்தால் பலருக்குக் கால் மணி நேரத்தில் அடங்கிவிடுமாம். ஆனால் படத்தை வைத்து முடிவாகச் சொல்ல முடியாது, நேரில் பார்க்கவேண்டும், தள்ளிப்போட வேண்டாம் என்றார். அங்கே உடனே ஒரு நரம்பு டாக்டரிடம் போ.

உன்னிடம் இருக்கிற படத்தை அவரிடம் காட்டாதே. அதில் இருப்பது உன் இடது கண்ணே இல்லை. கோணலாக இருக்கிறதே என்று, வலது கண்ணைத் திருப்பி நான்தான் ஒட்டினேன். அசலை இதோடு வைத்திருக்கிறேன். நம் ஸ்டூடியோவிலிருந்து நான் கைவைக்காமல் அனுப்புகிற முதல் படம் இதுதான்.

நீ நன்றாக இருக்கவேண்டும். வலி அடங்கிய ஒரு நாலு மணிக்கு உன்னை நீயே ஒரு படம் எடுத்து அனுப்பு. முகம் எப்படி இருந்தாலும் அப்படியே மாட்டிவைக்கிறேன்.

உன் அக்கா