பன்னிரண்டு புள்ளி ஒன்று

நாள் 212, 07:30
செவ்வாய், தென்பள்ளத்தாக்கு நிலையம். எழுதுவது ஜெனோவா, நிலையப் பொறுப்பாளர். வெளி வெப்பநிலை −61.4 பாகை. இங்கே நாங்கள் இருவர்தான். மண்ணியல் ஆய்வாளன் செங்கோடன் மாதிரி எடுக்க 06:00 மணிக்கே பெரிய வண்டியில் தென்கிழக்கே நேர்கோட்டில் கிளம்பிவிட்டான். அந்த வண்டியின் தூரமானியில் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கம் பத்து நாளாக எரியவில்லை. மாற்றுத் திரை கிடங்கில் இருக்கிறது. அவசரமில்லை என்று தள்ளிவைத்திருக்கிறேன்.

நாள் 212, 09:10
புழுதிப் புயல். செங்கோடனின் குரல் வந்தது: “அக்கா, அச்சு முறிஞ்சு வண்டி நின்னுபோச்சுங்க. மண்ணு ஏறிட்டே இருக்குது. காத்து ஆறு மணி நேரத்துக்கு வருமுங்க.”
நிலைய ஆன்டெனா அவன் திசையை ஒரு பாகைக்குள் காட்டுகிறது. இடம் காட்டும் செயற்கைக்கோள் இந்தக் கோளில் இன்னும் இல்லை. தூரம் கேட்டேன்.
“பன்னெண்டு கிலோமீட்டருங்க. அதுக்கு மேல திரையில தெரியல.”
“குத்துமதிப்பா ஒரு எண் சொல்லு, தம்பி.”
“அளக்காததை எப்படிங்க்கா சொல்றது?”
அவன் அப்படித்தான். தராசு காட்டாத இலக்கத்தை மண் பையில் ஒருநாளும் எழுதமாட்டான்.

நாள் 212, 09:25
ஓர் அளவில் நம்பத்தக்க இலக்கங்கள் எத்தனை என்பதை ‘முக்கிய எண்ணுருக்கள்’ என்று பதினொன்றாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் படித்தேன். இப்போது அதுதான் கணக்கு. திரையில் 12 என்றால் 12.0 முதல் 13-க்குச் சற்று முன்பு வரை எதுவாகவும் இருக்கலாம். நீளம் ஒரு கிலோமீட்டர். அந்தத் தொலைவில் ஒரு பாகையின் அகலம் 210 மீட்டர். தேட வேண்டிய பரப்பு 2.1 × 10⁵ சதுர மீட்டர். புழுதியில் பக்கத்துக்கு நான்கு மீட்டர்தான் தெரிகிறது. மேலும் கீழுமாக 26 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். நிலையத்தில் மிச்சமுள்ள சிறிய திறந்த வண்டிக்கு அது நாலரை மணி நேரம். இன்னும் ஒரே ஓர் இலக்கம் தெரிந்தால் அரை மணி நேரம் போதும்.
என் விண்வெளி உடுப்பில் கொள்ளும் காற்று ஐந்து மணி நேரத்துக்குத்தான். போய்வரவே நான்கு.

நாள் 212, 09:40
கிளம்பினேன். இனி உடுப்பின் ஒலிப்பதிவு.
“உங்க காத்து எவ்வளவுங்க்கா?”
“அஞ்சு மணி நேரம். அதப் பத்தி நீ கேக்காத. கிடைக்கிற வரைக்கும் தேடுவேன்.”
ஆன்டெனா காட்டிய திசையில் வண்டியை ஓட்டினேன்.

நாள் 212, 10:20
“அக்கா, திரையத் தட்டுனேனுங்க. எரிஞ்சிருச்சு. பன்னெண்டு புள்ளி ஒண்ணு.”
அழுதுவிட்டேன். தலைக்கவசக் கண்ணாடிக்குள் துடைக்க முடியவில்லை.

நாள் 212, 11:41
12.1 தொடக்கம். தேடுகிறேன். கூப்பிட்டால் பதில் இல்லை.

நாள் 212, 12:08
12.1 முதல் 12.2 வரையான பட்டை முழுவதும் பார்த்தாயிற்று. வண்டி இல்லை. மறுபடி.

நாள் 212, 12:36
இரண்டாம் முறையும் இல்லை. ஒரு மேடு விடவில்லை. மண் மூடியிருக்க வேண்டும். குரலும் இல்லை. திரும்புகிறேன். திரும்பிவிட்டேன், செங்கோடா.

நாள் 213
அந்த மாற்றுத் திரை கிடங்கில் இரண்டாம் தட்டில் இருக்கிறது. பொருத்தப் பத்து நிமிடம் ஆகும்.

நாள் 219, 13:15
புயல் ஓய்ந்தது. வண்டி மேலிருந்து பாதி தெரிந்தது. 12.1-இல் அல்ல. 12.6-இல்.
இருக்கையில் சாய்ந்தபடி இருந்தான். தூரமானியின் மூன்றாவது இலக்கம் எரியவேயில்லை. ரேடியோவில் மின்சாரம் பாதிக்கு மேல் இருந்தது; கையால் அணைத்திருக்கிறான். மடியில் அவன் குறிப்பேடு. கடைசி வரி:
“10:20. திரையில்: 12. அக்காவிடம் சொன்னது: 12.1.”
தேட இன்னும் இடம் மிச்சமிருந்திருந்தால் நான் திரும்பியிருக்கமாட்டேன். அவனுக்கு அது தெரிந்திருக்கிறது.
அங்கேயே புதைத்துக் கல் அடுக்கினேன். இதைப் படிப்பவர் யாராயினும் அவனைத் தேடி அலைய வேண்டாம். நிலையக் கதவிலிருந்து லேசர் மானியில் கட்டம் கட்டமாக அளந்து வந்திருக்கிறேன்: 1.2634 × 10⁴ மீட்டர்.
கடைசி இலக்கம் உறுதியில்லை.