காலி என்று வாசிக்கப்பட்ட வீடு

அன்புள்ள கண்ணுவுக்கு, அம்மா எழுதுவது. உடம்பு நன்றாக இருக்கிறது, கோபம் அதைவிட நன்றாக இருக்கிறது. நீ, மருமகள், குழந்தை மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். நேற்று போனில் கத்திவிட்டேன், நீயும் பாதியில் வைத்துவிட்டாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார்.

உன் அப்பா போன பிறகு, நம் குடியிருப்புச் சங்கத்தில் அவருடைய உறுப்பினர் இடத்தை என் பேருக்கு மாற்றித் தரச் சொல்லி நான் நடையாய் நடந்தது உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு மீசைக்காரர்தான் இன்னும் செயலாளர். மாற்றவும் இல்லை, முடியாது என்று சொல்லவும் இல்லை, பாக்கலாம்மா பாக்கலாம்மா என்றே இழுத்தடித்தார். போன பொதுக்கூட்டத்தில் ஒவ்வொரு வீட்டு எண்ணாக வாசித்து வருகை எடுத்தவர், நம் வீடு வந்ததும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே காலி என்றார். முன் வரிசையில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன்! எழுந்து பேசப் போனால், உறுப்பினருங்கதான் பேசணும், நீங்க உக்காருங்கம்மா என்கிறார். அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அங்கே யார் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் துணி தைக்கவில்லை, சொல்.

அதனால்தான் வக்கீலம்மாவைப் பிடித்து, சங்கங்களைக் கவனிக்கிற பதிவாளர் அலுவலகத்தில் வழக்குப் போட்டேன். முந்தாநாள் விசாரணை. அங்கேயும் மீசைக்காரர், அந்த வீடு காலி, உறுப்பினர் யாரும் இல்லை என்று அடித்துச் சொன்னார். வக்கீலம்மா அலட்டிக்கொள்ளாமல், காலி வீட்டுலேர்ந்து தையல் மெஷின் சத்தம் தாங்கலைன்னு போன மாசம் நோட்டீஸ் அனுப்பினீங்களே, அங்க பேயா தைக்குது என்று கேட்டார். அதிகாரியே சிரித்துவிட்டார், எனக்கு வயிறு குளிர்ந்துபோனது. அந்தக் குளிர்ச்சி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. மீசைக்காரர் பைக்குள் கையை விட்டு ஒரு தாளை எடுத்து நீட்டினார், கீழே உன் கையெழுத்து. மகனாகிய என் பேருக்கே மாற்றித் தாருங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய்.

ஏண்டா? கேட்டால், அவர் தாளை அனுப்பினாரு, உனக்கு அலைச்சல் குறையுமேன்னு கையெழுத்துப் போட்டேம்மா என்கிறாய். என் அலைச்சலைக் குறைக்க என்னையே குறைத்துவிட்டாயே! நடுச்சுவரை இடித்து நம் வீட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு எத்தனை நாள் ஆசை. குடும்பத்தோடு வெளியூர் போன நீ திரும்பி வரமாட்டாய், உன்னிடம் நைசாகப் பேசி வாங்கிவிடலாம், என்னிடம் அந்தப் பருப்பு வேகாது. அவருக்குப் புரிந்தது உனக்குப் புரியவில்லை. அப்பாவின் சம்பளம் பாதி, என் தையல் பாதி என்று எழும்பிய சுவர் அது. எனக்குப் பிறகு எல்லாம் உனக்குத்தான், பிறகு என்றால் பிறகுதான்.

அடுத்த விசாரணைக்குள், நான் கொடுத்ததை வாபஸ் வாங்குகிறேன், அம்மா பேருக்கே மாற்றுங்கள் என்று பதிவாளருக்கு உன் கைப்பட எழுதி அனுப்பு. இல்லாவிட்டால் வழக்கில் உன்னையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க வேண்டிவரும் என்கிறார் வக்கீலம்மா. சேருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் வழியெல்லாம் அழுதேன், அது வேறு விஷயம்.

குழந்தைக்கு இரண்டு சட்டை தைத்திருக்கிறேன், வளருகிற பிள்ளை என்று கையைக் கொஞ்சம் நீளமாகவே விட்டிருக்கிறேன். குளிரில் காதை மூடாமல் வெளியே விடாதே. மூன்று பேரும் நோய்நொடி அண்டாமல் நிறைவாக இருக்க வேண்டும், இந்தக் கோபத்திலும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன். பதிவாளருக்கு எழுதுவதை மட்டும் நாளைக்கு என்று தள்ளாதே.

காலி வீட்டிலிருந்து,
உன் அம்மா