உயிரோடு இருப்பவருக்குக் கருமாதி செய்யவைத்த ஏஜெண்டு ஜானகிராமன்

அனுப்புநர்:
சொர்ணம் (மீன் வியாபாரம்),
க/பெ. காத்தவராயன்,
வைத்திக்குப்பம், புதுச்சேரி.

பெறுநர்:
முதுநிலைக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
புதுச்சேரி.

பொருள்: சோமாலியாவில் உயிரோடு அடைபட்டிருக்கும் என் கணவரைச் செத்தவர் என்று சொல்லிவிட்டு, வருகிற வெள்ளிக்கிழமை பிரான்சுக்கு விமானம் ஏற இருக்கும் உப்பளம் ஏஜெண்டு ஜானகிராமனைப் பிடித்து நிறுத்தக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் விசைப்படகில் இஞ்சின் டிரைவர். சென்ற ஆண்டு ஆடி மாதம், துபாய் கரையோரமே ஓடும் சரக்குப் படகில் வேலை என்று சொல்லி ஜானகிராமன் அவர்கள் அவரை அனுப்பி வைத்தார். போன பிறகுதான் தெரிந்தது, அது அரிசி ஏற்றிக்கொண்டு சோமாலியா நாட்டுக் கிஸ்மாயோ துறைமுகத்துக்குப் போகிற படகு என்று. அது சண்டை நடக்கிற ஊர் என்பது ஏஜெண்டுக்கு முன்பே தெரியும்.

2. அங்கே இஸ்லாமிய இயக்கத்தார் துப்பாக்கியோடு துறைமுகத்தைக் கையில் வைத்திருந்தார்களாம். படகில் பாட்டுக் கேட்கக் கூடாதென்று ரேடியோவைப் பிடுங்கினார்கள். மார்கழியில் எத்தியோப்பியா நாட்டுப் படை டாங்கியோடு வந்ததும் அவர்கள் ஓடிவிட்டார்கள். வந்தவர்கள், ஓடியவர்களுக்கு அரிசி கொண்டுவந்த படகு இது என்று சொல்லிப் படகையே பிடுங்கிக்கொண்டு, ஆட்களையும் அடைத்துவிட்டார்கள். அடைப்பதற்கு முன் என் கணவர் ஏஜெண்டுக்குப் போன் செய்து, குண்டு விழுகிறது, எங்களை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். "வெடிச்சத்தம்தானே, தீபாவளின்னு நெனச்சிக்கப்பா" என்றாராம். இதற்குமேல் அவனை அவர் என்று எழுதக் கை வரவில்லை. மன்னிக்கவும்.

3. பொங்கல் கழித்து மாலையோடு வந்தான். குண்டு விழுந்து என் கணவர் போய்விட்டார், உடல் கிடைக்காது, காரியத்தை முடித்துவிடுங்கள் என்றான். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனரும் வைத்தான். அதில் என் கணவர் படம் தபால்தலை அளவு. கைகூப்பி நிற்கும் அவன் படம் ஆள் உயரம். செத்தது யார் என்று வெளியூர்க்காரர்கள் என்னிடமே கேட்டார்கள். ஊர் கூடிக் கருமாதி செய்தோம். என் வளையலை உடைத்தார்கள். தாலியை அறுத்தார்கள்.

4. மாசி மகத்தன்று, சாமிகள் எங்கள் கடற்கரையில் இறங்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுப் போனில் என் கணவர் பேசினார். ஜெயிலுக்குக் கஞ்சி கொண்டுவருகிற அந்த ஊர் முஸ்லிம் அம்மா ஒருவர் தன் போனைக் கொடுத்தாராம். "யோவ், நீ செத்துட்ட, கருமாதி சோறே போட்டாச்சு" என்றேன். "வடை போட்டீங்களா?" என்றார். அவர்தான் ஐயா. வேறு எவருக்கும் அந்த நேரத்தில் அப்படிக் கேட்க வராது. அதற்குப் பிறகுதான் இரண்டு பேருக்கும் அழுகை வந்தது.

5. உடனே உப்பளம் போய் ஏஜெண்டிடம் சொன்னேன். யாரோ ஏமாற்றுகிறான், செத்தவர் செத்தவராகவே இருக்கட்டும் என்றான். எல்லா ஆபீசிலும் அதையே சொல்லி வைத்திருப்பதால், தேட வேண்டியவர்களும் தேடவில்லை. மறுநாள் அவன் மனைவி பச்சைப் பட்டுப்புடவையோடு சமாதானத்துக்கு வந்தார். என் புருஷன் செத்தது நிஜமென்றால் எனக்குப் பச்சைப் பட்டு எதற்கு என்று கேட்டேன். அந்தம்மா என் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடிவிட்டார்.

6. அந்த நாட்டில் சுட்டவர்கள் மேலோ, சுட வந்தவர்கள் மேலோ என் புகார் இல்லை. இவன் ஒருவன் மேல்தான். பிரான்சில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டால் பிறகு யாருக்கும் அகப்பட மாட்டான். ஆகவே அவனுடைய பாஸ்போர்ட்டைப் பறிமுதல் செய்ய வேண்டும். கைது செய்யும்போது ஜீப்பில் ஏற்றாமல் கடைத்தெரு வழியாக நடத்தியே அழைத்துப் போக வேண்டும்; நான் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். காத்தவராயன் உயிரோடு இருக்கிறார் என்று அவன் வாயாலேயே சொல்லவைத்து, டெல்லிக்குத் தெரிவித்து, அவரை மீட்டுத் தர வேண்டும். அவர் வெளியே வருகிறவரை இவன் உள்ளே இருக்க வேண்டும். அவர் வந்த பிறகும் இருக்க வேண்டும்.

7. இன்னும் ஒன்று. என் கணவர் இளகின மனசுக்காரர். ஊர் வந்து சேர்ந்ததும், போனால் போகட்டும், விட்டுவிடுங்கள் என்று தங்கள் முன் வந்து நிற்பார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள் ஐயா. தாலி அறுபட்டது எனக்கு. மனுவும் என்னுடையது. நான் வாபஸ் வாங்க மாட்டேன்.

இப்படிக்கு,
சொர்ணம்

இடம்: புதுச்சேரி
நாள்: 12.3.2007