பட்டினியில் சாகாத கிருமிகள்

வீட்டுக்காரிக்கு, சுகம்தானே? மூட்டுவலி தேவலையா?

வெள்ளத்தில் பாலம் போய், நம் மூத்தவள் தவழத் தொடங்கிய வருடம், மில் மோட்டாரை நான் திருடியதாக மூன்று பேர் பொய்ச்சாட்சி சொன்னார்கள். ஊரைவிட்டே வந்தேன்.

இங்கே நான் பாட்டில் கழுவும் ஆய்வுக்கூடத்தில், வெந்நீர் ஊற்றுக் கிருமிகளுக்கு இரை போடாமல் பட்டினி போடுகிறார்கள்.

"செத்துடுச்சாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல தாத்தா. உடம்பச் சுருக்கிக்கிட்டு, பக்கத்துல செத்ததத் தின்னுட்டுக் காத்திருக்கும். இரை கெடைச்சா எழுந்துக்கும்" என்றாள் ஆய்வுக்காரப் பெண்.

"அட, நம்ம ஆளுங்க!" என்றேன். சிரித்தாள். இந்தக் கடிதத்தை எழுதித் தருவதும் அவள்தான்.

கம்பளிக் குல்லா ஒன்று அனுப்பு. குளிர்கிறது, பேச்சுத்துணையும் இல்லை.

பொய் சொன்னவர்களில் இருவர் செத்துவிட்டார்கள். மூன்றாமவன் யாரென்று உனக்கு இதுவரை சொல்லவில்லை. நான் வந்து ஊர் நடுவே அவனை உண்மை பேசவைக்கும்வரை வேளாவேளைக்குச் சோறும் மருந்தும் கொடு, சாகவிடாதே. அவன் உன் கையால்தான் சாப்பிடுகிறான்.

அவன் வேறு யாருமில்லை, உன் அண்ணன்தான்.