சிலிண்டர் வாயில் ஒரு சின்ன அடைப்பு

பாங்காக்

என் வீட்டுக்காரருக்கு லம்யாய் வணங்கி எழுதுவது. உங்கள் முட்டிவலி குறைந்ததா? எருமை கன்று போட்டதா? நான் சுகமாக இருக்கிறேன்.

வியாழக்கிழமை, நாங்கள் டாக்ஸி ஓட்டுகிறவர்கள் வண்டி போடும் நிறுத்தத்தில் ஒரு வண்டி தீப்பிடித்தது. பயப்படாதீர்கள், உள்ளே யாரும் இல்லை. டிக்கியில் கேஸ் சிலிண்டர் இருந்ததால் எல்லோரும் ஓடினோம். பப்பாளி சாலட் விற்கும் சோம்சி அக்கா மட்டும் வாளித் தண்ணீரோடு டிக்கியை நோக்கிப் பாய்ந்தாள். அதற்குள் வந்துவிட்ட தீயணைப்புக்காரர் தாவோன் கத்தினார்.

“அக்கா, ஊத்தாதீங்க! சிலிண்டர் வாயில இருக்கிற அடைப்பு சூட்டுல உருகி கேஸ வெளிய விடணும். அதைக் குளிர வெச்சா சிலிண்டரே வெடிச்சிரும்!”

“அப்ப கையக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்கச் சொல்றியா?”

“ஆமா. தூரமா நின்னு பாருங்க.”

பார்த்தோம். சுண்டுவிரல் நுனி அளவு உலோகத் துண்டுதானாம் அந்த அடைப்பு. திடீரென்று நம் ஊர்த் திருவிழாவில் மூங்கில் ராக்கெட் கிளம்புவதுபோல் இரைச்சலோடு நெருப்பு சீறியது. தாவோன் அதை அணைக்கவில்லை. கேஸ் எரிந்தே தீரட்டும் என்று பக்கத்துக் கடைகளை மட்டும் நனைத்தார். சற்று நேரத்தில் எல்லாம் அடங்கியது. சிலிண்டர் கரிபிடித்து, முழுசாகக் கிடந்தது. தான் உருகித் தெருவையே காப்பாற்றிய துண்டு! என்னையறியாமல் கைகூப்பினேன்.

“இரும்புக்குக் கும்பிடு, எனக்கு ஒண்ணுமில்லையா?” என்று தாவோன் சிரித்தார். அவரையும் கும்பிட்டேன்.

ஊர் பஸ்ஸில் யாராவது வந்தால் சோறு எடுத்துப்போக ஒரு மூங்கில் கூடையும் மகளின் படமும் கொடுத்தனுப்புங்கள். உங்கள் நீலச் சட்டையையும் வையுங்கள், போர்த்திக்கொள்ள வேண்டும். தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

பழைய கூடையும் படமும் அந்த வண்டியில்தான் இருந்தன.

லம்யாய்