நீ கொண்டுவரச் சொன்ன தோசைக்கல்

கிள்ளான், மலேசியா,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் தனேஷுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் அம்பாள் தயவில் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அங்கே நீ, மருமகள் அர்ச்சனா, பாப்பா மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் விளக்கேற்றினேன், அதில் நான் குறை வைக்கவில்லை. போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் தாளில் எழுதுகிறேன். இதையும் நீ பாதியில் வைக்கலாம், ஆனால் வைத்த இடத்திலேயே கிடக்கும், என்றைக்காவது கண்ணில் படும்.

அப்பாவுக்குச் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, முட்டிவலி அப்படியேதான். நீ அனுப்பிய கம்பெனி டீ ஷர்ட்டைப் போட்டுக்கொண்டுதான் இன்னும் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகிறார். நான் ஒளித்து வைத்தேன், தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார், பிள்ளை வேலை செய்யிற இடம்லா, நான் ஏன் வெட்கப்படணும் என்கிறார். எனக்குத்தான் அதில் போட்டிருக்கிற கம்பெனிப் பேரைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒட்டாத சட்டிக்குப் பூச்சு பண்ணுகிற ரசாயனம் ஆற்றுத் தண்ணீரில் கலந்துவிட்டது, உடம்புக்குள் போனால் லேசில் வெளியே போகாது என்று அமெரிக்காவில் உங்கள் ஊர் ஜனங்கள் உன் கம்பெனி மேல் கேஸ் போட்டிருக்கிறார்கள் என்று முதலில் புனிதா சித்திதான் வாட்சப்பில் காட்டினாள். வாட்சப்பில் வருவதை எல்லாம் நம்புகிறவள் இல்லை நான். தமிழ்ப் பள்ளியில் ஆறாவதோடு நின்றவள்தான், ஆனாலும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இங்கிலீஷ் செய்தியை வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் உனக்குப் போன் போட்டேன். கேஸ் நடக்குதும்மா, இதைப் பத்தி யார்கிட்டயும் பேசக் கூடாதுன்னு கம்பெனி வக்கீல் சொல்லியிருக்காரு என்றாய். யார்கிட்டயும் என்றால் அதில் அம்மாவும் சேர்த்தியா என்று கேட்டேன். வைத்துவிட்டாய்.

நாலு தீபாவளிக்கு முன்னால் நீ கப்பலில் அனுப்பிய ஒட்டாத சட்டிப் பெட்டி நினைவிருக்கும். ஸ்டாஃப் விலையில் கிடைச்சது, சொந்தக்காரங்களுக்கு எல்லாம் குடும்மா என்றாய். சீர் கொண்டுபோகிற மாதிரி வெற்றிலை பாக்கு வைத்து வீடு வீடாகப் போய்க் கொடுத்தேன், என் மகன் கம்பெனிப் பூச்சு என்று சொல்லாத வாசல் இல்லை. கொடுத்தது வாங்கினது எல்லாம் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டே, அதைப் பார்த்து இந்த மாதம் ஒவ்வொரு வீடாகப் போய், விஷயத்தைச் சொல்லித் திரும்ப வாங்கினேன். காஜாங்கில் புனிதா சித்தி, என்னக்கா, அமெரிக்கா சீரைக் குடுத்தவளே புடுங்க வந்துட்டியா, அப்ப இத்தனை நாளா தின்ன தோசையையும் கக்கணுமா என்று சிரித்தாள். சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும் என்று பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

பிறகு கொமுட்டர் ரயில் ஏறிப் பிரிக்பீல்ட்ஸுக்கு, குமுதா அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தைக்குத் தைராய்டில் கட்டி எடுத்தது உனக்குத் தெரியும், குரல் இன்னும் சரியாக எழும்பவில்லை. சட்டியால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. டாக்டரைக் கேட்டேன், அப்படிச் சொல்ல முடியாதும்மா, இது எதனால வேணும்னாலும் வரும், சட்டியில சமைச்சவங்களை விட அந்த ஊர்த் தண்ணியக் குடிச்சவங்களுக்குத்தான் பயம் அதிகம் என்றார். அதனால் அந்தப் பழியை உன் தலையில் போட மாட்டேன், சாமிக்குப் பொதுவாகத்தான் எழுதுகிறேன். அத்தை சட்டியைத் துலக்கித் துடைத்து, பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அதில் ஒரு கை சீனி போட்டுக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, அண்ணி, இது நம்ம தனேஷ் தம்பிக்கு அப்பவே தெரியுமா என்று ஒன்றே ஒன்று கேட்டாள். உன்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள், உனக்குக் காய்ச்சல் என்றால் வேலைக்கு லீவு போட்டவள் கேட்கிறாள். அவனுக்கு எப்படித் தெரியும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தத் தோசைக்கல் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

பெட்டி வந்த பிறகு, பாப்பா பிறக்கிற சமயம் நாங்கள் அங்கே வரப் புறப்பட்டபோது, அம்மா, நம்ம வீட்டு இரும்புத் தோசைக்கல்லை எடுத்துட்டு வாம்மா, எனக்கு அதுலதான் வேணும் என்றாய். பிள்ளை எங்கே போனாலும் அம்மா கல்லை மறக்கவில்லை என்று என் புடவையில் சுற்றி எடுத்து வந்தேன். ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறந்த மலாய்க்காரப் பெண், என்ன ஆன்டி இது, யாரை அடிக்கப் போறீங்க என்று சிரித்தாள், மகனுக்குத் தோசை சுட என்று பெருமையாகச் சொன்னேன். உன் சமையலறையில் ஒட்டாத சட்டி ஒன்றுகூட இல்லை, எல்லாம் இரும்பும் எவர்சில்வரும். குழாயில் தண்ணீர் பிடித்து உலை வைக்கப் போனேன், வேணாம்மா, கேன் தண்ணி எடு என்று ஓடி வந்தாய். ஏன் என்றதற்கு, அர்ச்சனாவுக்கு அப்படித்தான் பழக்கம் என்றாய். அவள் தலையைக் குனிந்துகொண்டு வெங்காயம் நறுக்கினாள். ஊர் திரும்பி நான், பூச்சு உரிந்து தோசையில் கறுப்புக் கறுப்பாக ஒட்டுகிற உன் சட்டியில், வெள்ளிக்கிழமை அம்பாளுக்குப் படைக்கிற நெய் தோசையைச் சுட்டேன். அதையும் உன்னிடம் சொன்னேனே. ஒண்ணும் ஆகாதும்மா, வயித்துல தங்காது, போயிடும் என்றாய்.

உன் பிள்ளைக்கு ஆகாதது எங்கள் அடுப்புக்கு ஆகுமா தம்பி? வேலை போய்விடும் என்கிற பயம் எனக்குப் புரியாமல் இல்லை. கோர்ட்டில் நீ என்ன சொல்கிறாய் என்று நான் கேட்கவில்லை, அது உனக்கும் உன் சாமிக்கும். பெட்டி அனுப்பும்போதே தெரியுமா, இல்லை கல்லைக் கேட்டபோதுதான் தெரிந்ததா, அதை மட்டும் சொல். பிறகுதான் தெரிந்தது என்றால், உரிஞ்ச சட்டியைத் தூக்கிப் போடும்மா என்று ஒரு வார்த்தை சொல்ல எந்த வக்கீல் தடுத்தார்? இந்தக் கடிதத்தையும் அவரிடம் காட்டணும் என்றால் காட்டு, தமிழ் தெரிந்த ஆளை அவரே தேடிக்கொள்ளட்டும்.

வாங்கி வந்த சட்டிகளை எல்லாம் பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் அடுக்கி வைத்திருக்கிறேன். பழைய சாமான் லோரிக்காரன் கேட்டான், கொடுக்கவில்லை, இன்னொரு வீட்டு அடுப்புக்குப் போய்விடும். தைப்பூசத்துக்கு வந்து நீயே அப்புறப்படுத்து. பத்துமலை ஏறுவதற்கு முன்னால் அத்தை வீட்டுப் படி ஏறி அவள் கேட்டதற்குப் பதில் சொல். என் வாயால் நான் சொல்ல மாட்டேன், தெரியும் என்றும் தெரியாது என்றும்.

மூன்று பேரும் தீர்க்காயுசோடு இருக்க வேண்டும், பாப்பாவுக்கு அம்பாள் துணை. கோபத்தில் அந்தக் கல்லைத் திருப்பி அனுப்பிவிடாதே, பிள்ளைக்கு அதிலேயே சுடட்டும். சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டாம், வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தடவினால் போதும் என்று அர்ச்சனாவிடம் சொல். நாங்கள் புதுசாக ஓர் இரும்புக்கல் வாங்கியிருக்கிறோம். இன்னும் பழகவில்லை, எடுக்கிற தோசை எல்லாம் பிய்ந்துதான் வருகிறது, அப்பா பிய்ந்ததையே அள்ளிப் போட்டுச் சாப்பிடுகிறார்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும் அம்மா,
ரமணி சபாபதி