இரண்டும் ஒன்றுதான் என்றவர்

16 பிப்ரவரி 1970, திங்கள்

இன்று பி.ஏ. இரண்டாம் ஆண்டுக்குச் சமநோக்கு வளைகோடு எடுத்தேன். புத்தகத்தில் ஆப்பிளும் ஆரஞ்சும் இருக்கின்றன. காரைக்குடியில் தினமும் ஆப்பிள் தின்பவர்கள் யார்? வடை, முறுக்கு என்று மாற்றிக்கொண்டேன். இரண்டு வடையும் ஐந்து முறுக்கும் கொடுத்தாலும் சரி, மூன்று வடையும் மூன்று முறுக்கும் கொடுத்தாலும் சரி, எனக்கு எல்லாம் ஒன்றுதான் என்று ஒருவன் சொல்லும் புள்ளிகளை இணைத்தால் வருவது அந்தக் கோடு. போர்டில் கோடு நேராக விழுந்துவிட்டது. அழித்து வளைத்தேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள். "மிஸ், ஒண்ணுதான்னு சொல்றவன் நெசமாத்தான் சொல்றானா, இல்ல சண்டை வேணாம்னு சொல்றானா?"

வகுப்பே சிரித்தது. அது பாடத்தில் இல்லை என்று சொல்லிவிட்டேன். டியூட்டர் வேலையில் இது ஒரு வசதி.

ஆனால் பஸ்ஸில் ஊர் திரும்பும்வரை அந்தக் கேள்விதான். நேற்று அய்யாவிடம், மதுரையில் எம்.ஏ.வுக்கு எழுதிப் போடட்டுமா என்று கேட்டேன். அதைக் கேட்பதற்கே எனக்கு ஒரு வாரம் ஆனது. கேட்ட நேரத்தில் திருப்பத்தூரிலிருந்து ஒச்சம்மா அத்தை வந்து உட்கார்ந்திருந்தார், அய்யாவின் அக்கா.

"படிச்சது பத்தாதா? எம் மகனுக்குக் கட்டிவைப்பமா, இல்ல இவ மருதையில போயி ஆஸ்டல் சோறு திங்கட்டுமா? சொல்லுப்பா தம்பி."

அய்யா மாட்டுக்கயிறு திரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்க்கா."

பெற்ற மகள். இரண்டும் ஒன்றுதானாம். நம்பச் சொல்கிறார்.

22 பிப்ரவரி, ஞாயிறு

அய்யாவைப் பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டாள். அத்தைதான் இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அத்தை ஒன்று கேட்டு அய்யா இல்லை என்று சொன்னதை நான் கண்டதில்லை. ஆகவே 'ரெண்டும் ஒண்ணுதான்' என்பதற்கு, 'முடிவாகிவிட்டது, உன்னிடம் சொல்லத்தான் மனசில்லை' என்றுதான் அர்த்தம் இருக்க வேண்டும்.

வேறு என்ன இருக்க முடியும்?

3 மார்ச், செவ்வாய்

ஷரபுன்னிசாவிடம் சொன்னேன். எங்கள் கல்லூரியில் சரித்திரம் எடுக்கிறாள், செக்காலையில் வீடு. சொன்னதும் சிரித்தாள்.

"ஒங்க அய்யா பெரிய தத்துவ ஞானியா இருக்காகளே! நான் கிரேக்கத்துப் பாடம் நடத்துறப்ப வருமே ஒரு கூட்டம், காசும் ஒண்ணு காய்ச்சலும் ஒண்ணுன்னுட்டு. அவுகளும் பாதிப்பேரு வசதியா இருந்தவுகதான்."

"அப்ப நடிப்புங்கிறியா?"

"நான் எங்கடி சொன்னேன்? நீதான் சொல்ற. சரி, ஒனக்கு என்ன வேணும்னு ஒங்க அத்தை கேக்கலையா?"

கேட்டார். அன்றைக்கே கேட்டார். நான் என்ன சொன்னேன் என்பதை ஷரபுன்னிசாவிடம் சொல்லவில்லை. இங்கேயாவது எழுதிவைக்கிறேன்: "நீங்க சொல்றபடி அத்தை." கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு.

9 மார்ச்

விண்ணப்பத்தில் அய்யாவிடம் கையெழுத்துக் கேட்டேன். போட்டார். "போறதும் போகாததும் எனக்கு ஒண்ணுதாந்தா." முகத்தில் எதுவும் அசையவில்லை.

கையெழுத்துப் போட்டது ஏன்? என் வாயை அடைக்கவா?

20 மார்ச், வெள்ளி

ஆத்தாவோடு சிவன் கோவிலில் பிரசங்கம் கேட்கப் போனேன். சாமியார் நன்றாகவே பேசினார். குளிரும் வெயிலும் ஒன்று, புகழும் இகழும் ஒன்று, விருப்பும் வெறுப்பும் அற்றவனே விடுதலை அடைந்தவன். ஆத்தா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இடையில் வெள்ளித் தம்ளரில் காபி வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டுச் சீனி போதாது என்று திருப்பி அனுப்பினார்.

நான் மட்டும்தான் பார்த்தேனா? எல்லோரும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்களா?

27 மார்ச்

அத்தையின் மகன் தண்டாயுதபாணி அத்தானை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தலைமுடியில்கூட மில்லுத் தவிடு. ஏதாவது சொல்வார் என்று நின்றேன்.

"எங்காத்தா சொன்னாச் சரி. எனக்கு என்ன, மில்லு ஓடணும்" என்றார். பிறகு மோட்டாருக்குப் பெல்ட் வாங்கப் போய்விட்டார்.

இவரை நம்புகிறேன். இவருக்கு நிஜமாகவே ஒன்றுதான். அதுதான் பயமாக இருக்கிறது.

5 ஏப்ரல், ஞாயிறு

கானாடுகாத்தானுக்குப் போய்வந்தோம். ஒரு பூட்டிய வீட்டில் கண்ணாடிகளை விற்கப்போகிறார்கள். ஷரபுன்னிசாவின் வாப்பா மீரான் சாகிபு பழைய வீட்டுச் சாமான்களை வாங்கி விற்பவர். அவர் விலை பேசிக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் உள்ளே சுற்றினோம்.

வளவில், உள்முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம் முழுக்க, வரிசையாகப் போட்டோக்கள். ஆச்சிகள், அப்பச்சிகள், பர்மாவில் எடுத்தவை, இங்கே எடுத்தவை. ஒருவர் முகத்திலும் எதுவும் இல்லை. கல்யாணக் கோலத்தில் இருந்த பெண்ணுக்கும், பக்கத்துப் படத்தில் தலை மழித்து நிற்கும் கிழவிக்கும் ஒரே முகம். எதைப் பற்றியும் கவலைப்படாதவர்கள் மாதிரி.

"எப்படிப் பாக்குறாக பாரு, நம்மளத் தூசு மாதிரி" என்றேன்.

மீரான் சாகிபு பின்னால் வந்து நின்றிருக்கிறார். "அதெல்லாம் இல்லம்மா. அந்தக் காலத்துப் பெட்டியில படம் விழ நேரமாகும். அசஞ்சாக் கலஞ்சிரும். மூச்சப் பிடிச்சுக்கிட்டு நிப்பாக. பயத்துல இருக்குற மொகம் அது."

பிறகு கண்ணாடிக்குப் பாதி விலை சொல்லப் போனார்.

திரும்பி வரும்போது ஷரபுன்னிசா ஓயாமல் பேசினாள். நான் அந்த முகங்களையே நினைத்துக்கொண்டிருந்தேன். அய்யா முகமும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் எதற்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்? என்ன கலைந்துவிடும்?

12 மே, செவ்வாய்

மதுரையில் இடம் கிடைத்துவிட்டது. கடிதம் வந்த மறுநாளே அத்தை வந்துவிட்டார். யார் சொன்னது? ஆத்தாவாக இருக்கும். அய்யாவாகவும் இருக்கலாம்.

சித்திரை இப்படியே போய்விட்டது என்று அத்தைக்குக் கோபம். நாள் குறிக்கக் கேட்டபோதெல்லாம் அய்யா 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று சொல்லியே மாதத்தைக் கடத்திவிட்டார்.

"நீயும் வாயத் தொறக்க மாட்ட, இவளும் தொறக்க மாட்டா. காளிட்டயே கேட்ருவோம். வைகாசியில ஒரு வெள்ளிக்கிழம பூப்போட்டுப் பாப்போம். செவப்பு வந்தாக் கல்யாணம், வெள்ள வந்தா மருத. அதுக்கப்பறம் ஒருத்தரும் பேசப்படாது."

"யாரு பூக்கட்டுறது?" என்றாள் ஆத்தா.

எங்கள் ஊர் வழக்கத்தில் அதுதான் முக்கியம். சிவப்பரளி ஒரு பொட்டலம், வெள்ளரளி ஒரு பொட்டலம், தனியாகப் போய் யாரும் பாராமல் இலையில் சுற்றிக் கட்ட வேண்டும். கட்டுகிறவர் எந்தப் பக்கமும் சாயாதவராக இருக்க வேண்டும். வேண்டியவர், வேண்டாதவர் யாரும் தொடக்கூடாது.

"இவனவிட யாரு?" அத்தை கையை நீட்டி அய்யாவைக் காட்டினார். "மாசக்கணக்கா ரெண்டும் ஒண்ணுதான்னு அய்யனார் கோயில் மண்குதிர மாதிரி உக்காந்திருக்கான். அவனே கட்டட்டும்."

"நான் எதுக்குக்கா" என்றார் அய்யா.

"கட்டுடாங்கிறேன்."

"சரிக்கா."

அக்காவும் தம்பியும் பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்களோ? இரண்டு பொட்டலத்திலும் சிவப்பை வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கிற வழக்கமே கிடையாது. அப்படியே ஊருணியில் போட்டுவிடுவார்கள். காளி சொன்ன பிறகு நான் யாரிடம் போய் அழுவேன்?

29 மே

ஒரு வாக்கியம் பழகிக்கொண்டிருக்கிறேன். "அந்த இன்னொரு பொட்டலத்தையும் பிரிங்க." மாட்டுத்தொழுவத்தில் நின்று சொல்லிப் பார்த்தேன். மாடு திரும்பிப் பார்த்தது. மனிதர்கள் முன்னால் வருமா?

சிவப்பு வந்தால் சொல்லியே ஆக வேண்டும். இந்த ஒருமுறையாவது.

5 ஜூன், வெள்ளி

எப்படி எழுதுவது.

அய்யா கோயிலுக்குப் பின்பக்கம் தனியாகப் போய் இரண்டு பொட்டலங்களைக் கட்டிக்கொண்டு வந்தார். வாழைநார் போட்ட கட்டு, இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி. பூசாரி சின்னக்கருப்பு வாங்கிக் காளி காலடியில் வைத்தார். தீபம் காட்டினார். பூசாரியின் பேத்தி, பால்பல் விழுந்த குழந்தை, ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

என் வாயில் அந்த வாக்கியம் தயாராக இருந்தது. பூசாரி நாரை அவிழ்த்தார்.

வெள்ளை.

எனக்கு முதலில் புரியவேயில்லை. சிவப்புக்குத்தான் மனசு தயாராகியிருந்தது. அப்போது என் வாக்கியம் கேட்டது. நான் சொல்லவில்லை. அத்தை சொன்னார்.

"அந்த இன்னொண்ணையும் பிரி, பூசாரி."

"வழக்கமில்லையே, ஆத்தா. காளி ஒருதரஞ் சொல்லிட்டா. திரும்பக் கேட்டா நம்பாத மாதிரி ஆயிரும்ல?"

அத்தை அய்யா பக்கம் திரும்பினார். "தம்பி. நீ சொல்லு. பிரிக்கட்டுமா?"

அய்யா துண்டை எடுத்து நிதானமாக உதறித் தோளில் போட்டார்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்க்கா. பிரிக்கிறதுன்னாலும் பிரிங்க."

அத்தை அவர் முகத்தையே பார்த்தார். இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அந்த முகத்தில் அவருக்குத் தெரியாத இடம் இருக்குமா? கடைசியில் அத்தையின் கண்தான் தாழ்ந்தது.

"வேணாம். விடு" என்றார். பிறகு என் பக்கம் வந்து, "போயி நல்லாப் படி" என்று திருநீற்றைப் பூசிவிட்டார். அவர் விரல் நடுங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அய்யா பிரிக்காத அந்தப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய் ஊருணியின் நடுவில் விழும்படி வீசினார்.

இரண்டும் ஒன்றுதான் என்றவருக்கு ஏன் அவ்வளவு தூரம் வீச வேண்டும்?

6 ஜூன், சனி

விடிந்ததும் முதல் ஆளாகத் தண்ணீருக்குப் போனேன். ராத்திரி நல்ல காற்று. பொட்டலம் படித்துறைக்கே ஒதுங்கியிருந்தது. நார் இறுகி ஊறியிருந்ததால் அவிழவில்லை. பல்லால் கடித்தேன்.

வெள்ளை. எல்லாமே வெள்ளை.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு நாளாகப் பின்னால் போய்ப் பார்த்தேன். மாட்டுக்கயிறு, கையெழுத்து, கடந்துபோன சித்திரை, 'நான் எதுக்குக்கா'. ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவர் என் பக்கம் பேசியிருந்தாலும் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்திருக்க மாட்டார்கள். அசையாமல் நின்றிருக்கிறார். அசைந்தால் கலைந்துவிடும்.

இத்தனை நாளும் நான் சந்தேகப்பட்டது சரிதான். சூது இருந்தது. ஆனால் அது யாருக்காக என்பதில் தவறிவிட்டேன்.

சந்தோஷமாக இருந்ததா? இருந்தது. அத்தையின் விரல் நடுக்கமும் நெற்றியில் அப்படியே இருந்தது. அவர் தம்பியை நம்பினார். நான் நம்பவில்லை. நம்பியவர் தோற்றார்.

யாரோ குடத்தோடு வரும் சத்தம் கேட்டது. பூவையும் இலையையும் படிக்குக் கீழே சேற்றில் போட்டு, காலால் அழுத்தி மிதித்தேன். பிறகு குடத்தை நிறைத்துக்கொண்டு, எப்போதும் போலத் தலையைக் குனிந்தபடி வீட்டுக்கு வந்தேன்.

அய்யா தொழுவத்தில் இருந்தார். "எங்குட்டுத்தா போயிட்டு வார, இவ்வளவு வெள்ளன?"

"தண்ணிக்குய்யா."

என் முகத்தைப் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

2 ஜூலை

டிரங்குப் பெட்டியில் இடம் போதவில்லை. ஷரபுன்னிசா தன்னுடைய பெட்டியைக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். மூடியில் சாக்பீஸால் 'ஞானி மகள்' என்று எழுதியிருந்தாள். அவளிடம்கூடச் சொல்லவில்லை.

24 ஜனவரி 1971, ஞாயிறு. மதுரை

அய்யா வந்திருந்தார். ஒரு பை நிறைய எள்ளுருண்டை. ஆஸ்டலுக்குள் ஆண்களை விடமாட்டார்கள் என்பதால் எதிரே இருக்கும் ஓட்டலுக்குக் கூட்டிப்போனேன்.

"காபியா, டீயா?" என்றார் சப்ளையர்.

"எதுனாலும் சரிப்பா" என்றார் அய்யா. கண் மட்டும் பக்கத்து மேசையில் நுரையோடு போன காபியின் பின்னாலேயே போனது.

"ரெண்டு காபி" என்றேன்.

ஊர்க் கதை சொன்னார். தண்டாயுதபாணி அத்தானுக்குத் தை பிறந்ததும் கல்யாணம் முடிந்துவிட்டது, பெண் மேலூர்ப் பக்கம். புது மோட்டார் வாங்கிவிட்டாராம். அத்தை நன்றாக இருக்கிறாராம், என்னை விசாரித்தாராம். அதைச் சொல்லும்போது மேசையைத்தான் பார்த்தார்.

"இப்ப ஊருல யாரு பூப்போட்டாலும் என்னையத்தான் கட்டக் கூப்புடுறாக. வரப்புத் தகராறு, பொண்ணு கேக்குறது, எல்லாத்துக்கும். சாயாத ஆளுன்னு ஒங்கத்தைதான் ஊரெல்லாஞ் சொல்லிவிட்ருக்கு."

எள்ளுருண்டைப் பையை மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

"போறீகளாய்யா?"

"இல்லத்தா. கை நடுங்குது, நாரு கட்ட வரலன்னு சொல்லிப்புட்டேன்."

காபி விளிம்புவரை நிறைந்திருந்தது. அய்யா தம்ளரை எடுத்து, உயர்த்தி ஆற்றிக் குடித்தார். மேசையில் ஒரு சொட்டு விழவில்லை.

நான் அவர் கையைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"சீனி போதுமாய்யா?" என்றேன்.

"போதுந்தா" என்றார்.